அடித்தவனின் அம்மா

இன்று காலை மெட்ரோவில் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண், கைப்பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு மூக்கில் வைத்துக்கொண்டாள். நீலகிரித் தைலம். பெட்டி முழுக்க வாசனை பரவிவிட்டது. ரயில் தார்நாக்காவைத் தாண்டி மெட்டுகுடா நிலையத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நீங்கள் ஏறும் இடம். கதவு திறந்ததும் எட்டிப் பார்த்தேன் அக்கா. வர மாட்டீர்கள் என்று தெரிந்துதான் பார்த்தேன்.

உங்கள் கைப்பை, சேலைத் தலைப்பு, நீங்கள் கொடுத்தனுப்பும் டிபன் டப்பாவின் மூடிகூட அந்தத் தைலம் மணக்கும். "சைனஸ்மா. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. ஒர்க்ஷாப் புகைன்னு சொல்லுவார்" என்பீர்கள். பேகம்பேட்டில் இறங்கி அலுவலகம் வரை நடந்தேன். வாசனை கூடவே வந்தது. கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். உங்களோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேச வேண்டியது சேர்ந்துபோயிருக்கிறது. அதில் நல்ல செய்தி ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முகில் அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தான். ஊருக்கு வெளியே இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. "காதுல தண்ணி போயிருச்சும்மா" என்றான். தலையணை உறையில் கறையைப் பார்த்த பிறகு, ஹப்சிகுடாவில் எங்கள் தெருமுனையிலேயே இருக்கும் காது மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பார்த்துவிட்டு அவனை வெளியே உட்காரச் சொன்னார். செவிப்பறை கிழிந்திருக்கிறது, தண்ணீர் போனால் இப்படிக் கிழியாது, யாரோ ஓங்கி அறைந்திருக்கிறார்கள் என்றார்.

யார் என்று கேட்டோம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கல்லூரிக்குப் போனோம். விடுதிக் காப்பாளர் எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். ராகிங் தண்டனைக்குரிய குற்றம் என்று மூன்று மொழிகளில் அச்சடித்து வாசலில் கட்டியிருந்த பேனரைக் காட்டினார். இங்கே அதெல்லாம் கிடையாது, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகப் பையனே சொல்கிறானே என்றார். ராகிங் புகாருக்கான உதவி எண்ணில் கூப்பிட்டேன். பொறுமையாகத்தான் பேசினார்கள். யார் அடித்தது, எந்த இடத்தில், பார்த்தவர்கள் யார் என்று கேட்டார்கள். என்னிடம் எதற்கும் பதில் இல்லை. என் கணவர் ஆராய்ச்சிக்கூடத்தில் எதையும் சோதித்து நிரூபித்துப் பழகியவர். "நிரூபிக்க முடியாததைக் கையில எடுக்காத கலா. அவன் படிப்புத்தான் கெடும்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

அப்போது நீங்கள் கூப்பிட்டீர்கள். சாயங்காலம். மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"முகிலோட அம்மாவா?"

"ஆமாங்க. நீங்க யாருங்க?"

"மெட்டுகுடால இருந்து பேசறேன்மா. திட்டணும்னா திட்டு, போனை மட்டும் வெச்சிடாத. உன் பையனை அடிச்சது என் மகன்."

நீங்கள் காத்திருந்தீர்கள். உங்கள் பக்கம் ஏதோ கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அது முடிந்த பிறகு, "வீடியோ இருக்கு. என்கிட்ட இருக்கு" என்றீர்கள்.

மறுநாள் தார்நாக்கா பேக்கரியில் உங்களைப் பார்த்தேன். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தீர்கள். வெள்ளையில் ஊதாக் கரை போட்ட சேலை, கையில் மடக்கிய குடை. நான் எப்படியெல்லாமோ ஒரு முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அடித்தவனைப் பெற்றவளின் முகம். நீங்கள் என் ஆபீஸில் பக்கத்து மேசையில் இருக்கும் யாரையோ போல இருந்தீர்கள். உங்கள் தாத்தா அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வந்தவர் என்றும், அப்பா போன பிறகு அந்த வேலையின் பேரில் உங்களுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை கிடைத்தது என்றும், உங்கள் கணவரும் ரயில்வேதான் என்றும் கடகடவென்று சொன்னீர்கள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் இதையெல்லாம் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது.

உங்கள் மகன் டேனியல் அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம். லீவுக்கு வந்தவன் சித்தப்பா மகனோடு உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நீங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். போனுக்குள்ளிருந்து ஒரு பையன் தமிழில் அழுவது கேட்டது. "யாருடா அது தமிழ் பேசறது?" என்று கேட்டதும் சட்டென்று அணைத்துவிட்டான். அப்புறம் அவன் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்து, உங்கள் போனுக்கு அனுப்பிக்கொண்டீர்கள்.

"நீ பார்க்க நக்கோம்மா. நான் பார்த்துட்டேன், அது போதும்." வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் நக்கோ.

"அவன் என்ற பையன்க்கா. நான் பார்க்கோணும்."

வீடியோவில் மொட்டை மாடி. மத்தியான வெயில். கொடியில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. முகில் செருப்பில்லாமல் சிமெண்டுத் தரையில் நின்றிருந்தான். சீனியர்களிடம் 'இன்ட்ரோ' கொடுக்கிறான். தன் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால், கேட்கவில்லை, மறுபடி என்கிறார்கள். மறுபடி பொள்ளாச்சி என்கிறான். மறுபடி என் நம்பரைச் சொல்கிறான். அப்படித்தான் என் நம்பர் உங்களுக்குக் கிடைத்தது. அப்புறம் அவன் கூட்டத்தில் ஒருவனைப் பார்த்து, "அண்ணா, நீங்க தமிழ்தானுங்களே? சொல்லுங்கண்ணா, காலு சுடுதுண்ணா" என்கிறான். யாரோ சிரித்து, "மீ வாடே கதரா டேனி" என்கிறான். உங்க ஆளுதானேடா. உடனே ஒரு கை வந்து அவன் இடது காதோடு அறைகிறது. படம் பிடித்தவன் சிரித்த சிரிப்பில் வானமும் தண்ணீர்த் தொட்டியும் ஆடுகின்றன.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். நீங்கள் வாங்கவில்லை, மேசையிலேயே கிடந்தது.

"வீட்டுல தமிழ்ல பேசுடான்னு உயிரை விடுவேன் கலா. தெலுங்குலதான் பதில் சொல்லுவான். சரி, மறந்துட்டான்போலன்னு நினைச்சேன். மறக்கல. அந்தப் பையன் கெஞ்சினது அங்க இருந்தவங்கள்ல அவனுக்கு மட்டும்தான் புரிஞ்சுது. புரிஞ்சுதான் அடிச்சான்."

அதற்குப் பிறகு நாம் இருவரும் சேர்ந்து கல்லூரிக்குப் போனோம். நீங்கள் இல்லாமல் நாங்கள் போனபோது திறக்காத கதவெல்லாம் உங்களோடு போனபோது திறந்தது. இப்படி ஒரு தாய் வருவாள் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னீர்கள். முந்தைய வருஷம் டேனி முதலாண்டில் இருந்தபோது, ஒரு பக்கப் புருவத்தை மழித்துவிட்ட முகத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறான். போக மாட்டேன் என்றிருக்கிறான்.

"எல்லாருக்கும் நடக்குறதுதான், ஒரு வருஷம் பொறுத்துக்கோன்னு நானே பஸ் ஏத்தி விட்டேன். இப்ப காலேஜுக்குப் போயி புகார் குடுக்கப்போறேன்னு சொன்னதும் என்ன கேட்டான் தெரியுமா? 'எனக்காக நீ போகல. எவனோ ஒருத்தனுக்காகப் போற'ன்னு கேட்டான். உண்மைதானே கலா."

அப்படியிருந்தும் ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களே சொன்னீர்கள். "ஒரு தடவை சும்மா இருந்ததுக்கு என்ன கெடச்சுதுன்னு அந்த வீடியோல பார்த்துட்டேன்ல."

விசாரணைக்கு நம் எல்லோரையும் ஒரு நீள மேசை போட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். ராகிங் தடுப்புக் குழுவின் தலைவர் வயதான பேராசிரியர். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். ஒரு பக்கம் டேனியும் அவன் அப்பாவும். வீடியோவில் இருந்ததாகச் சந்தேகப்பட்ட மற்ற பையன்கள் பெற்றோரோடு வந்திருந்தார்கள். ஒரு குடும்பத்தோடு வக்கீல் வந்திருந்தார். முகில் எனக்கும் என் கணவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் முதலில் கேட்டார்கள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு, தனக்குப் புகார் எதுவும் இல்லை, விளையாட்டாக நடந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னான். மனப்பாடம் செய்தது போலச் சொன்னான். அந்த வாரம் முழுக்க விடுதியில் அவனிடம் யார் யார் வந்து என்னென்ன பேசினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

தலைவருக்கு நிம்மதி. ஃபைலை மூடப் போனார். அப்போது நீங்கள் எழுந்தீர்கள்.

"சார், அந்தப் பையன் பயந்துபோயி சொல்றான். அடிச்சவன் என் மகன். அந்தக் கை என் மகன் கை. மத்தவங்க குரலும் யாருது யாருதுன்னு அவனுக்குத் தெரியும். கேளுங்க."

அவர் உங்களை இரக்கத்தோடு பார்த்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை. தெலுங்கில், "அம்மா, மீரு தல்லி கதா?" என்றார். நீங்கள் தாய் அல்லவா என்று.

"தல்லினே சார். அந்துகே வச்சானு" என்றீர்கள். தாய்தான், அதனால்தான் வந்தேன்.

டேனி உங்களைப் பார்க்கவே இல்லை. மற்றவர்கள் பெயரைக் கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வர சில வாரங்கள் ஆயின. நான் உதவி எண்ணில் மறுபடி சொன்னேன். அவர்களும் கல்லூரிக்கு எழுதிக் கேட்டார்கள். கல்லூரி பதில் அனுப்பியது. வீடியோவில் மற்றவர்களின் முகம் தெளிவாக இல்லை, குரலை வைத்து முடிவெடுக்க முடியாது. அதனால் அவர்களுக்கு எச்சரிக்கை. ஒருவனை மட்டும் அவன் தாயே அடையாளம் காட்டியிருப்பதால், டேனியலுக்கு ஒரு வருஷம் இடைநீக்கம். விடுதியிலிருந்து நீக்கம்.

அந்தத் தாளை மெட்டுகுடா நிலையத்தின் படிக்கட்டில் நின்று இருவரும் வாசித்தோம். நான் கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். நீங்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"அப்ப இதுலேர்ந்து எல்லாரும் என்ன கத்துக்குவாங்க கலா? அம்மாகிட்ட போனைக் காட்டாதன்னுதானே."

அவ்வளவுதான் கற்றுக்கொண்டார்கள். எந்த வீடியோவும் அந்தக் கல்லூரியிலிருந்து அதன் பிறகு வெளியே வரவில்லை.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் முழுதாகச் சொன்னதில்லை. டேனியை விஜயவாடாவில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் கணவர் உங்களை 'காட்டிக்குடுத்தவ' என்று கூப்பிட ஆரம்பித்தார் என்பது ஒருமுறை பேச்சுவாக்கில் வந்தது. சர்ச்சில் நீங்கள் உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஆபீஸில் ஒருவர், பெற்ற பிள்ளையையே விடாதவள் நம்மை விடுவாளா என்று கேட்டாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

முகிலுக்குக் காதில் அறுவை செய்தபோது லீவு போட்டுவிட்டு வந்து என்னோடு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இட்லி செய்துகொண்டு வந்தீர்கள், மிளகு ரசம் வைத்துக்கொண்டு வந்தீர்கள். அவன் நல்ல பிள்ளையாக நன்றி சொல்லுவான். ஒருநாள் நீங்கள் போன பிறகு என்னிடம், "அவங்க முகத்துல அந்தண்ணன் முகம் தெரியுதும்மா. அவங்க நல்லவங்கன்னு தெரியும். ஆனா வர வேண்டாம்னு சொல்லிடும்மா" என்றான்.

அதை எப்படி உங்களிடம் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். சொல்லத் தொடங்கியதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"ஹவ்மா, ஆமா. அவன் சொல்றது சரிதான். கைக்கு நீ அழற, எதுக்கு? நானே யோசிச்சிருக்கணும்."

அதற்குப் பிறகு நாம் பிளாட்பாரத்தில்தான் சந்தித்தோம். வேலை முடிந்து நான் வரும் ரயிலுக்கு நீங்கள் மெட்டுகுடா நிலையத்தில் காத்திருப்பீர்கள். நான் இறங்குவேன். இரண்டு மூன்று ரயில் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேச மாட்டோம். பட்டாணி விலை, உங்கள் குவார்ட்டர்ஸில் ஒழுகும் கூரை, என் மேனேஜர், உங்கள் சர்ச்சின் பாட்டுக் குழு. எனக்கு இந்த ஊரில் அப்படிப் பேச வேறு யாரும் இருந்ததில்லை. பல வருஷம் இங்கே இருந்தும் நான் பொள்ளாச்சியிலிருந்து வந்தவளாகவே இருந்தேன். என்னை இந்த ஊர்க்காரியாக்கியது நீங்கள். அதற்கு என் பையன் அடிபட வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது அந்த நட்பை என்ன சொல்லி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கேஸ் என்று ஜெலுசில் குடித்தீர்கள். ரயில்வே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி இருந்தது. அது ஏற்கெனவே ஈரலுக்குப் போயிருந்தது. டாக்டர்கள் பெரிதாக எதையும் முயலவில்லை.

டேனியை வரவழைத்தார்கள். இடைநீக்கம் முடிந்து அவன் கல்லூரிக்குத் திரும்பிய சமயம் அது. நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவன் கால்மாட்டில் நின்றான். இளைத்து, தாடி விட்டிருந்தான். நானும் அவனை அவ்வளவு அருகில் அப்போதுதான் பார்க்கிறேன். முகில் சொன்னது சரிதான். உங்கள் முகம் அப்படியே இருந்தது. உங்கள் கண்கள் அவன் மேலேயே இருந்தன. ஆனால் என்னிடம்தான் பேசினீர்கள்.

"சாப்பிட்டானான்னு கேளு."

"சாப்பிட்டியாப்பா?" என்றேன்.

"தின்னானு ஆன்ட்டி" என்றான். சாப்பிட்டேன் என்று என்னிடம் சொன்னான்.

"எங்க சாப்பிட்டான்னு கேளு."

கேட்டேன். கேன்டீனில் என்றான்.

"அங்க எண்ணெய் நல்லா இருக்காது. வீட்டுல போயி சாப்பிடச் சொல்லு."

சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். உங்களுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கட்டில் நீளம்தான் இருந்தது. உங்கள் தமிழ் ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரிந்தது. நான் நடுவில் உட்கார்ந்து தமிழைத் தமிழிலேயே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவன் வெளியே போனான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "வந்தான்ல" என்றீர்கள். அதற்குப் பிறகு அவன் வந்தபோது உங்களுக்கு நினைவு இல்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான். பாதிரியார் சொன்னதும் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போட்டான். கையைத் தட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டான். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், "இவதான் அந்தப் பையனோட அம்மா" என்று என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் வந்ததுகூடத் தப்பு என்பதுபோல் இருந்தது. கூட்டம் கலையும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

முகிலிடம் போனில் சொன்னேன். அவனை அந்த வருஷமே கோயம்புத்தூரில் வேறு கல்லூரிக்கு மாற்றிவிட்டோம். என் தம்பி வீட்டில் இருக்கிறான், ஹாஸ்டல் வேண்டாம் என்றுவிட்டான். அறுவைக்குப் பிறகும் இடது காது பாதிதான் கேட்கிறது. வகுப்பில் இடது ஓரத்தில் உட்கார்ந்துகொள்வானாம், எல்லோரும் வலது பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக. நீங்கள் போன செய்தியைக் கேட்டதும், "சரிம்மா" என்றான். அவனிடம் எதையும் எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். தம்பி மனைவி சொல்கிறாள், அவனுக்கு நண்பர்கள் என்று யாரும் வீட்டுக்கு வருவதில்லை என்று.

போன மாதம் டேனியைப் பார்த்தேன். தார்நாக்கா நிலையத்தில் எதிரே வந்தான். பார்க்காததுபோல் போய்விடுவான் என்று நினைத்தேன். நின்றான். இப்போது நான்காம் வருஷமாக இருக்க வேண்டியவன். மூன்றாம் வருஷம் படிக்கிறான். முதலில் முகில் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். காது கேட்கிறதா என்றான்.

"பாதி கேக்குது" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் தெலுங்கில் மெதுவாகப் பேசினான். என் தெலுங்கு சுமார்தான், ஆனால் ஒரு வார்த்தையும் தவறவில்லை. அன்று விசாரணை அறையில் இருந்த மற்ற பையன்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றான். முதல் வருஷத்தில் அவன் புருவத்தை மழித்தவர்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக்கூட வந்தானாம்.

"அவங்க அம்மாங்க யாரும் இப்படிப் புகார் குடுக்க வரல ஆன்ட்டி. எங்கம்மா மட்டும்தான் வந்தாங்க."

அது குறையா பெருமையா என்று அவன் குரலில் எனக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். உங்களிடம் பேசியிருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது. வேறு ஒன்றைக் கேட்டேன்.

"இப்பவும் அங்க நடக்குதா?"

"நடக்குது."

"மாடியிலயா?"

"மாடிக்கு இப்ப பூட்டு போட்டுட்டாங்க. ரூமுக்குள்ளயே நடக்குது."

"உனக்குக் கேக்குமா?"

"ஹாஸ்டலுக்குப் பக்கத்து வீட்டுலதான் வாடகைக்கு இருக்கேன். கேக்கும்."

"நீ என்ன செய்வ?"

அவன் ஒரு ரயில் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஜன்னலை மூடிட்டு இருப்பேன் ஆன்ட்டி" என்றான். "வதிலேயண்டி." விட்டுவிடுங்கள். ரயில் ஏறிப் போய்விட்டான்.

அக்கா, நாம் இருவரும் சேர்ந்து அந்தக் கல்லூரியின் இத்தனை படி ஏறி இறங்கியதற்கு மிஞ்சியது அதுதான். அடிக்காத, ஆனால் தடுக்கவும் செய்யாத ஒருவன். உங்கள் மகன் இனிமேல் யாரையும் அடிக்க மாட்டான் என்று என்னால் சொல்ல முடியும். உங்களுக்கு அது போதுமாக இருந்திருக்குமோ என்னவோ. எனக்குப் போதவில்லை.

இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். ஒவ்வொரு அட்மிஷன் சமயத்திலும் யாராவது அந்தக் கல்லூரியைப் பற்றி விசாரிப்பார்கள். யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். அவர்களில் சிலர் சேர்த்த பிறகு மறுபடி கூப்பிடுகிறார்கள். போன வாரம்கூட ஒரு அம்மா கூப்பிட்டாள். ஓசூர்க்காரி. மகன் லீவுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டேன் என்கிறானாம். முதுகைக் காட்ட மாட்டேன் என்கிறானாம். "என்னங்க செய்யட்டும்?" என்று என்னைக் கேட்டாள்.

புகார் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்து என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் வாய் வரவில்லை. அது எங்கே போய் முடிந்தது என்பதும் தெரியும். வேறு சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அதனால் உங்களைப் பற்றிச் சொன்னேன். மெட்டுகுடாவிலிருந்து ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டாள் என்று தொடங்கி, விசாரணை அறையில் நீங்கள் எழுந்து நின்றதுவரை சொன்னேன். கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். அவளும் விட்டாள். அப்புறம் எல்லோரும் கேட்பதையே அவளும் கேட்டாள்.

"அப்புறம் அந்தப் பையன் அம்மாகிட்டப் பேசினானுங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

அவள் பக்கம் உள்ளே எங்கோ அவள் மகன் நடமாடுவது மட்டும் கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.